2147483647 பகா எண்ணாக இருப்பதன் காரணம் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் 2147483647 என்னும் எண்ணைப் பற்றி ஆறேழு வரிகளில் ஒரு பெட்டிச் செய்தி வெளிவந்திருந்தது. முப்பத்தொரு 2-களைப் பெருக்கி, வரும் விடையிலிருந்து 1-ஐக் கழித்தால் இந்த எண் கிடைக்கும் என்பதும், இது ஒரு பகா எண் என்பதும், கணினிகளில் இது ஓர் எல்லை எண்ணாக விளங்குகிறது என்பதும் அதில் கூறப்பட்ட செய்திகள். மூன்றும் சரியானவை. ஆனால் அவற்றை இணைப்பதற்காக எழுதப்பட்ட இரண்டு வாக்கியங்கள் தவறானவை. 31 பகா எண்ணாக இருப்பதால் 2147483647-உம் பகா எண்ணாகிறது என்று முதல் வாக்கியம் கூறுகிறது; அது பகா எண்ணாக இருப்பதால்தான் கணினி அதை எல்லையாகக் கொண்டது என்று அடுத்த வாக்கியம் கூறுகிறது. என்னிடம் கணக்குப் படிக்க வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர், முதல் வாக்கியத்தை 'விதி' என்று தலைப்பிட்டுத் தங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்த பிறகே இக்கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அந்த விதி எங்கே முறிகிறது என்பதைக் காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2-இன் 2, 3, 5, 7-ஆம் அடுக்குகளிலிருந்து 1-ஐக் கழித்தால் முறையே 3, 7, 31, 127 கிடைக்கும். நான்குமே பகா எண்கள் என்பதால், அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும் என்ற எண்ணம் எவருக்கும் எழக்கூடியதே. அடுத்த பகா எண்ணாகிய 11-ஐ எடுத்துக்கொண்டால் 2047 வருகிறது; அதுவோ 23-ஐ 89-ஆல் பெருக்கக் கிடைப்பது. உண்மையில் விதி மறுபக்கமாகத்தான் செல்லுபடியாகும். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் உறுதியாகப் பகு எண்ணாகவே இருக்கும். 15-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் 32767-ஐ, 15-க்குக் காரணிகளான 3-உம் 5-உம் தரும் 7, 31 ஆகிய இரண்டுமே மீதியின்றி வகுப்பதைப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். ஆகவே பகா எண் வேண்டுமானால் அடுக்கு பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. இந்த இரண்டு கூற்றுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு கணிதத்தின் உயிர்நாடிகளில் ஒன்று என்று கருதுகிறேன். பெட்டிச் செய்தி அழித்துவிட்டது அந்த வேறுபாட்டைத்தான்.

இந்த இடத்தில் தடுக்கி விழுந்தவர்கள் சிறியவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். இத்தாலியக் கணித அறிஞர் கட்டால்டி 1603-இல் வெளியிட்ட நூலில் 17, 19 ஆகிய அடுக்குகளுக்குச் சரியான முடிவைத் தந்ததோடு நில்லாமல், 23, 29, 31, 37 ஆகியவையும் பகா எண்களையே தரும் என்று எழுதினார். 1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா, 23-ஆம் அடுக்கு தரும் 8388607-ஐ 47 வகுக்கிறது என்றும், 37-ஆம் அடுக்கு தரும் எண்ணை 223 வகுக்கிறது என்றும் காட்டினார். 29-ஆம் அடுக்கு தரும் 536870911-க்கு 233 ஒரு வகுத்தி என்பதை 1738-இல் சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் ஆய்லர் கண்டார். கட்டால்டி கூடுதலாகச் சொன்ன நான்கில் மிஞ்சியது 31 ஒன்றுதான். எந்த அடுக்குகள் பகா எண்களைத் தரும் என்று பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-இல் வெளியிட்ட புகழ்பெற்ற பட்டியலிலும் 31 இடம்பெற்றிருந்தது. ஆனால் அதே பட்டியலில் 67-உம் இருந்தது. அந்த 67-ஆம் அடுக்கு தரும் 21 இலக்க எண் பகா எண் அன்று என்பதை 1876-இல் லூக்கா நிறுவினார், 1903-இல் கோல் அதை 193707721, 761838257287 என்னும் இரு காரணிகளாகப் பிரித்துக் காட்டினார். பட்டியலில் இருக்கிறது என்பதோ அடுக்கு பகா எண் என்பதோ 2147483647-க்குச் சான்றாகாது. அதற்கெனத் தனி நிரூபணம் தேவைப்பட்டது. அதை 1772-இல் சக கணித அறிஞர் பெர்னூலிக்கு எழுதிய ஒரு கடிதத்தின் வாயிலாக ஆய்லர் அறிவித்தார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. கண்பார்வையை ஏறத்தாழ முழுவதும் இழந்திருந்தார்.

அந்த நிரூபணம் பள்ளி மாணவர்களுக்கு எட்டாத உயரத்தில் இல்லை. அதனால்தான் அது விடுபட்டதைப் பெரிய இழப்பாக நினைக்கிறேன். சற்று விரிவாகவே எழுத அனுமதி கோருகிறேன்.

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்பது எல்லோரும் அறிந்தது. 46340-இன் வர்க்கம் 2147395600. 46341-இன் வர்க்கம் 2147488281. நம் எண் இவ்விரண்டுக்கும் நடுவே விழுவதால் 46340 வரை பார்த்தாக வேண்டும். அந்த எல்லைக்குள் நாலாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணைக் கையால் வகுப்பது நடக்காத காரியமன்று, ஆயினும் ஒரே ஒரு பிழை நேர்ந்தாலும் மொத்த உழைப்பும் வீணாகிவிடும். ஆய்லர் செய்தது வகுத்தலை விரைவுபடுத்தியது அன்று. வகுக்க வேண்டிய எண்களையே பெரும்பாலும் களைந்தெறிந்தது.

முதல் களைவு எப்படி நிகழ்கிறது என்பதை 2047-ஐ வைத்தே விளக்கலாம். 2-இன் அடுக்குகளை வரிசையாக 23-ஆல் வகுத்து மீதிகளை எழுதினால் 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1 என்று வரும். பதினோராவது இடத்தில் 1 வந்துவிட்டதால் அதற்குப் பிறகு இதே வரிசை திரும்பத் திரும்பச் சுழலும். 2-இன் 11-ஆம் அடுக்கு மீதி 1 தருகிறது என்பதும், அதிலிருந்து 1-ஐக் கழித்த 2047-ஐ 23 வகுக்கிறது என்பதும் ஒரே செய்தியின் இரு வடிவங்கள். இனி, 23-ஆல் வகுக்கும்போது வரக்கூடிய பூச்சியமல்லாத மீதிகள் மொத்தம் 22. மேலே உள்ள சுழலில் வந்தவை 11. வராத ஒன்றை, 5 என்று வைத்துக்கொள்வோம், எடுத்து அதை அந்தப் பதினொன்றாலும் பெருக்கி மீதி கண்டால், எஞ்சிய 11 மீதிகளும் ஒன்றுகூட விடாமல், ஒன்றுகூட இருமுறை வராமல் கிடைத்துவிடும். ஆக 22 மீதிகளும் பதினொன்று பதினொன்றாகப் பிரிந்து நிற்கின்றன. இதை முதன்முதலில் எழுதிப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளின் முகத்தில் தோன்றிய வியப்பை நான் நேரில் கண்டேன்.

இதே கருத்தை நம் எண்ணுக்குப் பொருத்துவோம். ஏதோ ஒரு பகா எண் 2147483647-ஐ வகுக்கிறது என்று கொண்டால், அதனால் 2-இன் 31-ஆம் அடுக்கை வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். அப்படியானால் சுழலின் நீளம் 31-ஐ வகுக்கும் ஓர் எண்ணாக இருக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் அது 1 அல்லது 31. 1 ஆக இருக்க முடியாது என்பது வெளிப்படை. ஆகவே சுழலின் நீளம் 31. பூச்சியமல்லாத மீதிகள் எல்லாம் முப்பத்தொன்று முப்பத்தொன்றாகப் பிரிய வேண்டும். வகுக்கும் பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது 31-இன் மடங்காக வேண்டும். வகுத்தி ஒற்றை எண் என்பதால் அது 62-இன் மடங்காகவே இருக்கும். 31 பகா எண்ணாக இருப்பது உண்மையில் உதவுகின்ற இடம் இதுதான் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அது விடையைத் தந்துவிடவில்லை, தேட வேண்டிய பரப்பைச் சுருக்கித் தருகிறது. 62-இன் மடங்கைவிட 1 மிகுந்த எண்கள் 46340-க்குள் 747 மட்டுமே.

இரண்டாவது களைவு இன்னும் நுட்பமானது. 31-ஆம் அடுக்கு மீதி 1 தருமானால் 32-ஆம் அடுக்கு மீதி 2 தரும். 32-ஆம் அடுக்கு என்பது 16-ஆம் அடுக்கின் வர்க்கம். எனவே ஏதோ ஒரு வர்க்க எண் அந்தப் பகா எண்ணால் வகுக்கப்படும்போது 2-ஐ மீதியாக விடுகிறது. இந்தப் பேறு எல்லாப் பகா எண்களுக்கும் வாய்ப்பதில்லை. 7-க்கு 9 என்னும் வர்க்கமும், 17-க்கு 36-உம், 23-க்கு 25-உம் அமைகின்றன. 11-க்கோ 13-க்கோ எந்த வர்க்கமும் அமைவதில்லை. 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி வரும் ஒற்றைப் பகா எண்களுக்கே இது வாய்க்கும் என்பது எண் கோட்பாட்டின் அழகிய முடிவுகளில் ஒன்று. அதையும் சேர்த்துக்கொண்டால் வகுத்தியாகத் தகுதி பெறுவது 248-இன் மடங்கைவிட 1 மிகுந்த எண்ணோ 63 மிகுந்த எண்ணோதான். எல்லைக்குள் முதல் வகையில் 186 எண்கள், இரண்டாம் வகையில் 63-ஐயும் சேர்த்து 187 எண்கள், ஆக 373. அவற்றிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்பதால் வகுக்க வேண்டியவை நூற்றுக்கும் குறைவு. வரிசையில் முதலில் வருவது 311. அதனால் வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303; மீதி 226. அதற்கடுத்தது 1489. இப்படியே 46340 வரை சென்று, ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை என்று கண்டபோதுதான் 2147483647 பகா எண் என்பது நிலைபெற்றது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் நான் இந்த வகுத்தல்கள் முழுவதையும் தாளில் செய்து பார்த்திருக்கிறேன். கணக்குப் பொறி இருந்தும் கையால் செய்தேன். அந்த எண்ணோடு இருந்த சில நாள்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பிற்காலத்தில் லூக்காவும், அவர் கண்டதைச் செம்மைப்படுத்தி 1930-களில் முழுமையாக்கிய லெமரும் தந்த சோதனை இதைவிடக் குறுகியது. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் அதையே செய்ய வேண்டும். 5-ஆம் அடுக்கு தரும் 31-க்கு இதைச் செய்தால் 4, 14, 8, 0 என்று மூன்றே படிகளில் பூச்சியம் வந்து அது பகா எண் என்று தெரிகிறது. நம் எண்ணுக்கு 29 படிகள். 2024-இல் கண்டறியப்பட்ட, நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண்ணும் இதே சோதனையின் வழியாகவே உறுதிசெய்யப்பட்டது.

பெட்டிச் செய்தியில் இடம் பெறாத இன்னொரு சிறப்பையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தன்னைத் தவிர்த்த எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகையும் தனக்கே சமமாக உள்ள எண்ணை நிறைவெண் என்போம். 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினால் 28 வருவது எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. 2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் பகா எண் வருமானால், அதை முந்தைய அடுக்கால் பெருக்க நிறைவெண் கிடைக்கும் என்பதை யூக்ளிட் தம் நூலின் ஒன்பதாம் பகுதியிலேயே நிறுவியிருக்கிறார். அவ்வாறு 2147483647-ஐ 1073741824-ஆல் பெருக்கக் கிடைக்கும் 2305843008139952128 எட்டாவது நிறைவெண். 1 முதல் 2147483647 வரையுள்ள எல்லா எண்களையும் கூட்டினாலும் இதுவே வரும். 1, 3, 5 எனத் தொடங்கி 65535 வரையுள்ள 32768 ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுவே வரும். ஆங்கிலேயக் கணித அறிஞர் பார்லோ 1811-இல் இந்த நிறைவெண்ணைக் குறிப்பிட்டு, இத்தகைய எண்கள் பயனற்ற விந்தைகள் என்பதால் இதைவிடப் பெரியதொன்றைத் தேட எவரும் முனையமாட்டார்கள், ஆகவே கண்டறியப்படுபவற்றுள் இதுவே மிகப் பெரியதாக இருக்கும் என்று எழுதினார். இன்று நாம் அறிந்த நிறைவெண்கள் ஐம்பதுக்கும் மேல்.

இனி இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். கணினி தன் எண்களை 0, 1 என்னும் இரண்டே குறிகளால் எழுதுகிறது. 32 இடங்களில் ஓர் எண்ணை எழுதும் வழக்கில், நேர் எண்ணா எதிர் எண்ணா என்று காட்டுவதற்கு ஓர் இடம் போய்விடுகிறது. எஞ்சிய 31 இடங்களிலும் 1-ஐ நிரப்பினால் வருவதுதான் 2147483647. எல்லை அமைந்ததற்கு அந்த 31 இடங்களே காரணம். அந்த எண் பகா எண்ணா பகு எண்ணா என்பதை எல்லை கேட்பதே இல்லை. 64 இடங்கள் கொண்ட கணினிகளில் இதே முறையில் எல்லையாக அமையும் 9223372036854775807 பகு எண். 7-ஆல் அது மீதியின்றி வகுபடும். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிவரும் பழைய கணினி முறைகள் உலகப் பொது நேரப்படி 2038 ஜனவரி 19 அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு இந்த எல்லையைத் தொடும் என்பதும் இடங்களின் எண்ணிக்கையால் நேர்வதே.

ஆனால் இந்த எண் பகா எண்ணாக இருப்பதைக் கணினி வேறோர் இடத்தில் மெய்யாகவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. பெட்டிச் செய்தி எழுதியவர் அதைச் சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பேன். தற்செயல் போலத் தோன்றும் எண்களை உண்டாக்க, கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ளும் முறை ஒன்று 1969-இல் முன்வைக்கப்பட்டது. 1988-இல் பார்க், மில்லர் ஆகிய இருவரும் இதைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தனர். எந்த எண்ணில் தொடங்கினாலும் 1 முதல் 2147483646 வரையுள்ள ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை தொட்ட பிறகே இது தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறது. 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு. 7-இன் அடுக்குகள் எல்லா மீதிகளையும் தருகின்றன. 2147483646-இன் பகாக் காரணிகளான 2, 3, 7, 11, 31, 151, 331 ஆகியவற்றுள் 5 இல்லாததால் ஐந்தாம் அடுக்குக்கும் அந்தப் பண்பு குலையாமல் நிற்கிறது. வகுக்கும் எண் பகு எண்ணாக இருந்தால், எந்தப் பெருக்கியைக் கொண்டும் இப்படி ஒன்று விடாமல் சுற்றிவர இயலாது. மேலே 23-இன் மீதிகளில் கண்ட சுழல்தான் இங்கே இருநூற்றுப் பதினான்கு கோடிக்கும் மேற்பட்ட படிகளோடு ஒரே வட்டமாக விரிந்து நிற்கிறது.

தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். திருத்தத்தை ஆசிரியர் பக்கத்தின் அடியில் ஒற்றை வரியாக வெளியிடாமல், அதே மாணவர் பக்கத்தில், அதே அளவுப் பெட்டியில் வெளியிட வேண்டுகிறேன். இடம் குறைவாக இருந்தால் ஆய்லரையும் கட்டால்டியையும் விட்டுவிடலாம். 2047 என்பது 23-ஐ 89-ஆல் பெருக்கக் கிடைப்பது என்ற வரியும், 23-ஆல் வகுக்கும்போது வரும் அந்தப் பதினொரு மீதிகளின் வரிசையும் இருந்தால் போதும். 89-ஆல் வகுத்தால் மீதிகள் எத்தனை சுழல்களாகப் பிரியும் என்று ஒரு கேள்வியையும் கீழே சேர்த்துவிட்டால், என் மாணவர்கள் இருவரும் குறிப்பேட்டில் உள்ள விதியை அடித்துவிட்டு அதற்கு விடை காணக் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கணித ஆசிரியர்